பதினொன்றில் ஒரு சிவப்புப் புள்ளி

அத்தியாயம் ஆறு

"அவனை உள்ள தள்ளணும் மேடம். ஆயுசுக்கும் வெளிய வரக் கூடாது."

பேனல் அக்கா இதைச் சொன்னபோது அவர் கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. நான் நாற்காலியை இரண்டு அங்குலம் பின்னால் நகர்த்திக்கொண்டேன். துப்பறியும் வேலையில் உயிர் போகலாம் என்று தெரிந்துதான் சேர்ந்தேன். அது சமையலறையில், கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

மேடம் அசையவில்லை. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்து, எது விபத்து, எது கைவேலை என்று பிரித்துச் சொன்னவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய டிரைவர், குமாஸ்தா, திட்டு வாங்கும் ஆள், மூன்றும். பெயர் சுருட்டை. தலையில் முடி இருந்த காலத்தில் வைத்தார்கள். முடி போய்விட்டது, பெயர் போகவில்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் மேடம். "எங்களுக்கு இந்த மிஷின் சமாச்சாரம் தெரியாதுன்னு வச்சுக்குங்க."

"வச்சுக்கவே வேண்டாம். நிஜமாவே தெரியாது," என்றேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். காகித ஆலைக்குச் சொந்தமான மின் நிலையத்தில், கன்ட்ரோல் ரூம் பேனலுக்கு முன்னால் பத்தொன்பது வருடமாக உட்காருகிறவர் அவர். அதனால் முதலாளி முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் பேனல் அக்கா. அவருடைய கணவர் அதே நிலையத்தில் ஃபிட்டர். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், காலை பத்தரை மணிக்கு, ஜெனரேட்டர் ஷாஃப்ட் முறிந்து இரும்புத் துண்டு பறந்ததில் அந்த மனிதர் இறந்துபோனார்.

"ஓடுற பஸ்ல ஏறியிருக்கீங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார் அக்கா.

"ஏறியிருக்கேன். விழுந்தும் இருக்கேன்."

"அதேதான். வெளிய இருந்து வர்ற கரண்ட் லைன் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம மிஷினை நிறுத்திட்டுத் திரும்பக் கிளப்பும்போது, அதே வேகத்துல ஓடி, அதே காலை எடுத்து வச்சு அதுல ஏறணும். கால் மாறிச்சுன்னா பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம தோள்பட்டைதான் கழண்டு போகும். மிஷினுக்குத் தோள்பட்டைன்னா ஷாஃப்ட். டர்பைனையும் ஜெனரேட்டரையும் சேர்க்கிற தண்டு. இந்தத் தடிமன் இருக்கும்." இரண்டு கையாலும் ஒரு குடத்தின் அளவு காட்டினார்.

"எந்த நேரத்துல ஏறணும்னு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"பேனல்ல ஒரு வட்ட மீட்டர் இருக்கு. கடிகாரம் மாதிரி, ஒரே ஒரு முள்ளு. சுத்திக்கிட்டே வரும். பன்னெண்டுக்கு நேரா நின்னா ரெண்டும் ஒரே கால்ல ஓடுதுன்னு அர்த்தம். ஸ்விட்சைத் திருப்பினா கீழ் அறையில பிரேக்கர்ங்கற பெரிய இணைப்பு ஸ்விட்ச் மூடி, மிஷின் லைனோட சேர்ந்துடும். ஆனா நான் பன்னெண்டுல திருப்ப மாட்டேன். பதினொண்ணுலயே திருப்பிடுவேன். அது தெரியறதுக்குக் கண்ணாடி மேல நெயில் பாலிஷ்ல ஒரு சிவப்புப் புள்ளி வச்சிருக்கேன். நான் சேர்த்தா டம்ளர்ல இருக்கிற தண்ணி கூட ஆடாதும்பாங்க."

சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு விநாடி வெளிச்சம் வந்தது. பன்னிரண்டு நாள் அழுத முகம். உடனே அது அணைந்துவிட்டது.

"அந்தப் புது ஆபரேட்டர் புள்ளியைத் தாண்டிப் போக விட்டான் மேடம். முள்ளு பன்னெண்டை ஒட்டி வந்தப்புறம் திருப்பியிருக்கான். பக்கத்துல நின்ன ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. அவனே ஒத்துக்கிட்டான். லேட்டாத் திருப்பினான், ஷாஃப்ட் போச்சு. அவரும் போயிட்டாரு."

"திருப்பின உடனே முறிஞ்சுதா?"

"இல்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு. லோடு ஏத்தும்போது."

மேடம் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எதையாவது கண்டுபிடித்துவிட்டு அதைச் சொல்லாமல் இருக்கும்போதுதான் துடைப்பார். அவருடன் ஒன்பது வருடம் இருந்ததில் நான் கற்றுக்கொண்ட ஒரே தடயவியல் இது.

"உங்க வீட்டுக்காரர் ஏன் ஷாஃப்ட் பக்கத்துல நின்னாரு? கிளப்பும்போது யாரும் அங்க நிக்கக் கூடாதே?"

"தெரியலை. கையில கம்பி இருந்துதாம். பேரிங் மேல ஒரு முனை, காதுல ஒரு முனை வச்சுச் சத்தம் கேட்பாரு. டாக்டர் குழாய் மாதிரி." அக்கா கத்தரிக்காய்ப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். "அன்னிக்கு நான் டூட்டியில இருந்திருக்கணும் மேடம். அவர்தான் என்னை லீவு போட வச்சாரு. மாசம் ஒரு தடவை மிஷினைக் கழுவ நிறுத்துவாங்க. கடைசியா நாலு தடவை கிளப்பினதுல நான் ஒரு தடவைகூட இல்ல. முதல் தடவை எனக்குக் காய்ச்சல். அது நிஜம். அடுத்தது, என் தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வான்னாரு. அதுக்கடுத்தது பல் டாக்டர். எனக்குப் பல்லு வலிக்கவே இல்ல. நாலாவது, அன்னிக்கு. லீவு லெட்டரை அவரே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துட்டாரு. அந்தப் புதுசு வந்ததுல இருந்து எங்க போனாலும் அவன் கூடத்தான். என்கிட்ட அத்தனை நேரம் பேசினதில்ல."

"நீங்க கேட்கலையா?"

"கேட்காம? மூணு மாசமா வீட்ல தினம் சண்டைதான். அன்னிக்குக் காலையிலகூடக் கேட்டேன், என் கையைவிட அவன் கை உங்களுக்குப் பெருசாப் போச்சான்னு. குனிஞ்சு ஷூ மாட்டிக்கிட்டு இருந்தாரு. பதிலே இல்ல. போயிட்டு வரேன்னு சொன்னாரு. நான் தலையைக்கூட ஆட்டலை."

நறுக்கிய கத்தரிக்காய் பாத்திரத்தில் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு அது ரொம்ப அதிகம். பழைய அளவிலேயே நறுக்கிவிட்டிருந்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஆலையில விசாரணை முடியுது," என்றார் அக்கா. "அவன் தப்புன்னு எழுதிட்டா நேரா போலீஸ். எழுதாம விட்டுடுவாங்களோன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். அவன்தான்னு நிரூபிச்சுக் கொடுங்க."

மேடம் நிரூபிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அவர் பொருள் ஏதாவது வீட்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இழுத்துக் கொடுத்தார் அக்கா. தூக்கிய எனக்குத் தோள் இறங்கியது. உள்ளே பதினான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றும் என் பெருவிரலை விடத் தடிமன். ஒவ்வொன்றின் கழுத்திலும் கம்பியால் ஒரு அட்டை கட்டி, அதில் ஒரு தேதி எழுதியிருந்தது.

"பொண்டாட்டிக்குத் தெரியாம ஆம்பளைங்க எதையெதையோ ஒளிப்பாங்க," என்றேன். "போல்ட்டை ஒளிச்ச மனுஷரை இப்பத்தான் பார்க்கிறேன்."

மேடம் என் காலை மிதித்தார். ஆனால் அக்கா முகத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அவரு அப்படித்தான் தம்பி. அட்டை கட்டாம எதையும் வைக்க மாட்டாரு."

* * *

ஆலையின் ஸ்டோர் கீப்பர் எங்களைப் பார்த்ததும் கவுன்டரில் இருந்த எல்லா நோட்டுகளையும் மூடினார். மூக்கு நுனி வரை பயந்த ஆள்.

"போல்ட் நல்ல போல்ட் சார். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் இருக்கு. எம்மேல பழி போடாதீங்க."

"இன்னும் குட் மார்னிங்கே சொல்லலையே," என்றேன்.

மேடம் பேசாமல் டின்னைத் திறந்து ஒரு போல்ட்டை எடுத்தார். தலைப்பகுதி கவுன்டர் விளிம்புக்கு வெளியே தொங்க, தண்டுப்பகுதியைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டினார். அது ஒழுங்காக உருளவில்லை. லொடக், லொடக் என்று நொண்டியபடி போனது. அடுத்ததும் நொண்டியது. பதினொரு போல்ட்டுகள் நொண்டின. மீதி மூன்றும் வழுக்கிக்கொண்டு போய் ஸ்டோர் கீப்பரின் தொப்பையில் முட்டி நின்றன.

"பதினொண்ணு வளைஞ்சிருக்கு. மூணு நேரா இருக்கு," என்றார் மேடம். "ஃபிட்டர் எப்போல்லாம் உங்ககிட்ட போல்ட் வாங்க வந்தாரு?"

ஸ்டோர் கீப்பர் பழி தன் பக்கம் வரவில்லை என்று தெரிந்ததும் தாராளமாகிவிட்டார். "இவ்வளவு பெரிய போல்ட் அந்த ஷாஃப்ட் இணைப்புக்கு மட்டும்தான். ஒரு வருஷமா ஒவ்வொரு தடவை மிஷினைக் கிளப்பினதும், மறுநாளே வந்துடுவாரு. வளைஞ்சதை எடுத்துட்டுப் புதுசு போடுவாரு. ஏண்ணே இப்படி வளையுதுன்னா, பார்க்கலாம் பார்க்கலாம்பாரு. அப்புறம் நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் வந்தாரு. புதுசு ஒண்ணு வாங்கிக்கிட்டு, கழட்டினது வளையலைன்னாரு. நல்ல விஷயம்தானேன்னேன். அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து, அழுதுட்டாரு சார்."

"அழுதாரா?"

"ஆமா. போல்ட் வளையாததுக்கு ஒருத்தர் அழுது நான் பார்த்ததே இல்ல."

மேடம் போல்ட்டுகளை டின்னுக்குள் திரும்ப அடுக்கினார்.

* * *

கன்ட்ரோல் ரூம் ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பேனல், எதிர்ப்பக்கம் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அப்பால் மெஷின் ஹால். அங்கே ஜெனரேட்டர் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தரையில் ஒரு இடத்தை மட்டும் புதிதாகக் கழுவியிருந்தது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிசான மனிதர். "இதுதான் மேடம் அந்த மீட்டர்," என்று காட்டினார். வட்ட மீட்டர், ஒற்றை முள், பதினொன்றில் உளுந்து அளவுக்குச் சிவப்புப் புள்ளி. "இது எங்களுக்கு வேதம் மாதிரி. தப்பான நேரத்துல திருப்பினா தடுக்கிறதுக்கு ஒரு ரிலே இருந்தது. அதையே கழட்டி வச்சுட்டோம். அக்கா கைக்கு அது எதுக்குன்னு."

"லாக் புக் வேணும்," என்றார் மேடம். "சுருட்டை, அட்டையில இருக்கிற தேதியைப் படி."

நான் படித்தேன். மேடம் அந்தத் தேதிக்கு முந்தின நாளின் பக்கத்தைப் புரட்டி, மிஷினைச் சேர்த்தவரின் கையெழுத்தைப் பார்த்தார்.

"வளைஞ்ச போல்ட்," என்றேன்.

"பேனல் அக்கா கையெழுத்து."

"வளைஞ்ச போல்ட்."

"பேனல் அக்கா."

நாலாவது தேதியில் என் குரல் தானாக இறங்கிவிட்டது. பதினொன்றுக்கும் ஒரே கையெழுத்து. அழகான, சாயாத கையெழுத்து. பிறகு நேரான மூன்று போல்ட்டுகள். மூன்றுக்கும் புது ஆபரேட்டர்.

"மேடம், தலைகீழா வருது," என்றேன். "புள்ளியில திருப்பினவங்க போல்ட்டை வளைச்சிருக்காங்க. புள்ளியைத் தாண்டினவன் ஒண்ணையும் வளைக்கலை."

மேடம் இன்சார்ஜ் பக்கம் திரும்பினார். "பன்னெண்டுலதான் சேரணும்னா, அக்கா ஏன் பதினொண்ணுல திருப்பறாங்க?"

"அதுதான் மேடம் அனுபவம். ஸ்விட்சைத் திருப்பினதும் பிரேக்கர் மூடிடாது. பெரிய எண்ணெய் பிரேக்கர். உறுமி, அசைஞ்சு மூட அரை நொடி பக்கம் ஆகும். அதுக்குள்ள முள்ளு பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்கு வந்துடும். அந்த அரை நொடியைக் கையிலயே வச்சிருந்தாங்க அக்கா."

"இப்போ மிஷின் செத்துக் கிடக்கு. சும்மா ஒரு தடவை திருப்பிக் காட்ட முடியுமா?"

இன்சார்ஜ் கீழே போன் செய்து, பிரேக்கரை லைனிலிருந்து பிரித்துச் சோதனை நிலையில் வைக்கச் சொன்னார். பிறகு ஸ்விட்சைத் திருப்பினார்.

டக்.

அவர் விரல் ஸ்விட்சை விட்டு எடுபடும் முன்பே கீழே சத்தம் கேட்டுவிட்டது. உறுமலும் இல்லை, அசைவும் இல்லை.

"இன்னொரு தடவை," என்றார் மேடம்.

டக்.

"அரை நொடி எங்க போச்சு?"

இன்சார்ஜ் முகம் வெளுத்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி... வருடாந்தர ஷட்டவுன்ல பழைய பிரேக்கரை எடுத்துட்டுப் புதுசு போட்டாங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க. இது கண் மூடித் திறக்கிறதுக்குள்ள மூடிடும்னு கேட்டலாக்ல இருந்தது. அந்தக் கேட்டலாக் சீஃப் இன்ஜினியர் ரூம்ல இருக்கு. மேல இந்த ஸ்விட்ச் அதே பழைய ஸ்விட்ச்தானே மேடம். அதனால அக்காகிட்ட... யாரும் தனியா..."

"யாரும் சொல்லலை."

"சொல்லலை."

மேடம் லாக் புக்கைப் பின்னோக்கிப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் அதே சாயாத கையெழுத்து: 'மிஷின் சேர்க்கும்போது அதிர்வு தெரிகிறது. பார்க்கவும்.' அதன் கீழே பச்சை மையில் சீஃப் இன்ஜினியர்: 'புது பிரேக்கர் அப்படித்தான் இருக்கும். பழகிவிடும்.'

பழகிவிட்டது. அக்காவுக்குப் பழகிவிட்டது. இரண்டு வருடம், மாதம் ஒரு தடவை, அந்த நல்ல கை மிஷினைக் கால் மாற்றிப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரும்புத் தோள்பட்டை முறுக்கு வாங்கியிருக்கிறது. வெளியே தெரிந்தது போல்ட் மட்டும். அதை ஃபிட்டர் மாற்றினார். உள்ளே தண்டில் ஓடிய விரிசலை யார் மாற்றுவது? புது ஆபரேட்டர் அன்றைக்குச் சேர்த்தது சரியாகத்தான் சேர்த்தான். அதனால்தான் ஷாஃப்ட் அப்போது முறியவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, சாதாரணச் சுமையை ஏற்றியபோது, இனி முடியாது என்று விட்டுவிட்டது.

"ஃபிட்டருக்கு இது தெரிஞ்சிருக்கு," என்றார் மேடம். "அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு, புள்ளிப் பழக்கம் தெரியாத புது ஆபரேட்டர் பன்னெண்டுலயே சேர்த்தான். மறுநாள் போல்ட் வளையலை. அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதாரே, அன்னிக்குத்தான் புரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் தங்கச்சி வீடு, பல் டாக்டர்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தாரா?"

சும்மா இருக்கவில்லை. இன்சார்ஜ் தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துத் தலை குனிந்தபடி நீட்டினார். மூன்றரை மாதத்துக்கு முன் ஃபிட்டர் எழுதியது. ஷாஃப்டில் விரிசல் இருக்கலாம், மிஷினை ஒரு வாரம் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பச்சை மையில் பதில்: 'காரணம் இல்லாமல் ஒரு வாரம் நிறுத்த முடியாது.'

காரணம் என்று அச்சடித்த கட்டம் காலியாக இருந்தது. அங்கே பேனா முனையை அழுத்தி வைத்து எடுத்த மாதிரி ஒரே ஒரு குழி. எழுத ஆரம்பித்து எழுதாமல் விட்டிருக்கிறார். எழுதினால் மனைவி பெயரை எழுத வேண்டியிருக்கும்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பெண்டாட்டிகளைப் பற்றி ஆயிரம் ஜோக் அடித்திருக்கிறேன். எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது.

"மேடம்," என்றேன், "ஷாஃப்ட் பழசு, அதனால முறிஞ்சுதுன்னு சொல்லிடலாமே. அக்காவுக்கு எதுக்கு இது?"

"சொல்லலாம். பழசுன்னா ஏன் இத்தனை நாள் முறியலைன்னு கேட்பாங்க. ரெண்டு பேர் பார்த்திருக்காங்க, புள்ளியைத் தாண்டித்தான் திருப்பினான்னு. அந்தப் புள்ளி தப்புன்னு யாராவது சொல்ற வரைக்கும் அவன்தான் குற்றவாளி." மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டியை எடு."

* * *

நிர்வாகக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் மணி மூன்று நாற்பது. விசாரணை அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு கோடியில் பேனல் அக்கா. மறு கோடியில் புது ஆபரேட்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். அதைச் சொல்லக்கூட வீட்டில் யாருக்கும் மனசு இல்லை போலிருக்கிறது.

மேடம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். நீட்டி முழக்க வேண்டியிருக்கவில்லை. புது பிரேக்கர் உடனே மூடுகிறது என்றதுமே அக்காவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் இல்லாத ஸ்விட்சைப் பிடித்தது. விரல்கள் ஒரு தரம் திரும்பின. பிறகு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அதிர்வு இருந்தது," என்றார். "எழுதினேன் மேடம். நான் எழுதினேன்."

"பார்த்தேன்."

"பதினொண்ணுலயே மூடியிருக்கு. ஒவ்வொரு தடவையும்." மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு எப்போ தெரியும்?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்ததுல இருந்து."

மேடம் அந்தப் படிவத்தைக் கொடுத்தார். அக்கா படித்தார். காலிக் கட்டத்தில் விரலை வைத்து அந்தக் குழியைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்து தாழ்வாரத்தின் மறு கோடிக்கு நடந்தார். புது ஆபரேட்டர் பயந்துபோய் எழுந்து நின்றான்.

"புள்ளியில திருப்பாதேன்னு அவருதானே உன்கிட்டச் சொன்னாரு?"

அவன் விசாரணை அறைக் கதவைப் பார்த்தான்.

"கேட்கிறேன்ல?"

"ஆமாக்கா."

"உள்ள பன்னெண்டு நாளா உன்னை நிக்க வச்சுக் கேட்கிறாங்க. போலீஸ் வருதுன்னு சொல்லிட்டாங்க. இதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னை விட்டிருப்பாங்களேடா. ஏன் சொல்லலை?"

அவன் தரையைப் பார்த்தான். "அண்ணன் சத்தியம் வாங்கிக்கிட்டாருக்கா. அவளுக்குத் தெரியவே கூடாது, ஷாஃப்டை மாத்திட்டா எல்லாம் சரியாப் போயிடும், அதுவரைக்கும் நான் காதை வச்சுக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்னாரு. விரிசல் விட்டா முதல்ல சத்தம் வரும், உடனே நிறுத்தச் சொல்லிக் கத்தறேன்னாரு. அன்னிக்குக் கத்தினாருக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துல இருந்து பார்த்தேன், கையைத் தூக்கினாரு. நான் மிஷினை நிறுத்தறதுக்குள்ள..." அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "அவரும் போனதுக்கு அப்புறம் உங்களுக்குன்னு இருக்கறது அந்தக் கை ஒண்ணுதானே. அதையும் நான் எப்படிக்கா பிடுங்கறது?"

அக்கா கையை ஓங்கினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவன் சட்டையைப் பிடித்தார், மாற்றிப் போட்ட பித்தானைக் கழற்றினார், ஒவ்வொன்றாகச் சரியான துளையில் போட்டார். அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு நின்றான்.

கதவு திறந்தது. "பேனல் அக்கா உள்ள வரலாம்," என்று குரல் வந்தது.

நாங்களும் கூடவே நுழைந்தோம். யாரும் தடுக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பச்சை மைப் பேனாவோடு சீஃப் இன்ஜினியர்.

"எழுதிக்குங்க சார்," என்றார் அக்கா உட்காராமலே. "அந்தப் புள்ளியை வச்சது நான். புது பிரேக்கர் போட்டதுக்கு அப்புறம் அது தப்பான புள்ளி. ரெண்டு வருஷமா நான் சேர்த்த ஒவ்வொரு தடவையும் அந்த ஷாஃப்டை முறுக்கினது என் கை. கடைசியா சேர்த்தவர் சரியாச் சேர்த்தாரு. அவர்மேல ஒரு தப்பும் இல்ல."

சீஃப் இன்ஜினியர் இருமினார். "நீங்க துக்கத்துல இருக்கீங்கம்மா. இதை நிதானமா இன்னொரு நாள்..."

"துக்கத்துலதான் இருக்கேன். கணக்கு மறந்துடலை. பிரேக்கர் மாறினதை எனக்குச் சொல்லாதது நீங்க. அதிர்வுன்னு எழுதினப்போ பழகிடும்னு எழுதினது நீங்க. நிறுத்திப் பாருங்கன்னு அவர் கெஞ்சினப்போ மாட்டேன்னதும் நீங்க. அதையும் எழுதுங்க. என்னை விட்டுட்டு எழுத வேண்டாம். எல்லாத்தையும் சேர்த்து எழுதுங்க." படிவத்தை மேஜைமேல் வைத்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் அதை எடுத்துப் படித்துவிட்டு, பச்சை மைப் பேனாவின் பக்கம் பார்த்தார். அந்தப் பேனா மூடப்பட்டது.

அவர்கள் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதே சாயாத கையெழுத்து.

வெளியே வந்ததும் மேடம் புது ஆபரேட்டரின் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுக்கப் போனார். நான் அக்காவை வண்டிக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேட்கவா?"

"கேளுங்கக்கா."

"மூணு மாசம் முன்னாடி அவரு என்னை உட்கார வச்சு, உன் கைதான் தப்பு பண்ணுதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். நீங்க என்ன எனக்குச் சொல்றதுன்னு கேட்டிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சி கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன். அதானே?"

"அவ்வளவுதான்கா."

"அந்த ஒரு வாரத்துக்குப் பயந்துட்டாரு."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, எனக்குத்தான் புரியவில்லை என்பது போல, மெதுவாக, அழுத்திச் சொன்னார்.

"எட்டாம் நாள் பேசியிருப்பேனே, தம்பி."